வாசனை பிளாக் டீ: கொதிக்க விடாதீங்க, மூடி வைங்க

ஏர்ல் கிரே மாதிரி வாசனை சேர்த்த ஆர்கானிக் பிளாக் டீய கொதிக்க விடாதீங்க, தண்ணி நல்லா கொதிச்சதும் அடுப்ப அணைச்சுட்டு 200 மில்லிக்கு ஒரு டீஸ்பூன் இலை போட்டு, தட்டு வச்சு மூடி 3, 4 நிமிஷத்துல வடிகட்டிடுங்க. ஏர்ல் கிரேல வாசனைக்கு சேர்க்குற பெர்கமாட் (ஆரஞ்சு மாதிரி ஒரு பழம்) எண்ணெய் கொதிக்க விட்டா ஆவியோட பறந்துடும், மூடினா தட்டுக்கு அடியில முத்து முத்தா நிக்கிற தண்ணியயும் கப்புலயே சாய்ச்சுக்கலாம். ஸ்ட்ராங்கா வேணும்னா இலைய கூட்டுங்க, நேரத்த கூட்டாதீங்க, ஊற ஊற டானின் இறங்கி ஒரே துவர்ப்பாயிடும் (அப்புறம் சர்க்கரைய அள்ளிக் கொட்டணும், காசு குடுத்து வாங்கின வாசனை எங்க தெரியும்?). பால் டீக்கு போடுற டஸ்ட் டீக்கு இது செட் ஆகாது, அத கொதிக்க விட்டாதான் பாலுக்கு ஈடு குடுக்கும். பட்டை, சுக்கு துண்டு துண்டா கலந்ததுன்னாலும் 3 நிமிஷம் பத்தாது.