கதை கேட்க வந்தவர்களைக் கூட்டத்தில் உட்கார வைக்காதீர்கள்

இலக்கிய விழாவில் ஒரு மாலை, எழுத்தாளர்களே வந்து கதை சொல்லட்டும் என்று மட்டக்களப்பில் யாராவது சொன்னால் எனக்குச் சந்தோஷம் வரும், கூடவே பயமும் வரும். மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, பொன்னாடை என்று போய், ஆறரைக்குத் தொடங்கிய நிகழ்வில் முதல் கதை எட்டு மணிக்கு வரும். அதற்குள் பிள்ளைகள் தாய்மாரின் மடியில் தூங்கிவிடுவார்கள்.

கூத்துக்காரர் இந்தப் பிழையைச் செய்வதில்லை. கட்டியகாரன் கூத்தாடும் களரிக்கு வருவான், அரசர் வருகிறார் என்று அறிவிப்பான், ஒதுங்கிவிடுவான். மறுகா அரசனே ஆடிவந்து தான் யாரென்று பாடிவிடுவான். எழுத்தாளருக்கும் அவ்வளவு போதும்: பெயர், ஊர், கதையின் தலைப்பு. எத்தனை நூல், எத்தனை விருது என்பதை அழைப்பிதழில் போடுங்கள். பொன்னாடையைக் கடைசியில் போர்த்தலாம். போர்த்தாமல் விட்டாலும் யாரும் குளிரில் நடுங்கப்போவதில்லை.

அச்சான கதையைத் தலை நிமிராமல் வாசிப்பதுதான் மிகப் பெரிய பிழை. இதை நானே செய்திருக்கிறேன். ஆறு பக்கக் கதை. நாலாம் பக்கத்தில் நிமிர்ந்து பார்த்தால் முன்வரிசை முழுக்கப் போன் வெளிச்சம். கதை மோசமில்லை, அது கண்ணுக்காக எழுதிய கதை, அவ்வளவுதான். எச்சங்களாகக் கோத்த நீண்ட வசனத்தில் வழி தவறினால் வாசகர் மேலே போய்த் திரும்ப வாசிப்பார். கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கண்ணகி கதைப் பாடலான வழக்குரையைப் பார்த்துத்தானே படிக்கிறார்கள், சனம் இருந்து கேட்கவில்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். கேட்கிறது, சரி. ஆனால் கோவலனுக்கு என்ன நடக்கும் என்று அந்தச் சனத்துக்கு முன்பே தெரியும். உங்கள் கதையின் நாயகி யாரென்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. அதனால் பெயருள்ள பாத்திரங்களை மூன்றுக்குள் அடக்குங்கள். வர்ணனையில் பாதியை வெட்டுங்கள். முக்கியமான விஷயத்தை வேறு சொல்லில் இன்னொரு தரம் சொல்லுங்கள். முதல் வரியும் கடைசி வரியும் மனப்பாடமாக இருக்கட்டும், நடுவில் சறுக்கினாலும் பரவாயில்லை. பாத்திரங்கள் வாய் திறந்தால் நம்மூர்ப் பேச்சு வரட்டும். எழுதும்போது ‘மறுகா’ என்று எழுதத் துணிந்தவர் மேடையில் ஏறியதும் ‘அதன் பின்னர்’ என்று திருத்திச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஏன் என்று இன்னும் விளங்கவில்லை.

நேரம் பற்றியும் சொல்லவேண்டும். தட்டச்சு செய்த ஒரு பக்கத்துக்கு என் கணக்கில் மூன்று நிமிடம் போகும். பதினைந்து நிமிடம் தந்தால் நாலு பக்கம் கொண்டுபோங்கள், சிரிப்புக்கும் மௌனத்துக்கும் மிச்சம் வேண்டும். விவாதப் போட்டி போல மணி அடிக்காதீர்கள்.

காத்தான்குடி, ஏறாவூர் ஆட்களும் வரவேண்டுமென்றால் மஹ்ரிப் தொழுகை முடிந்த பிறகே தொடங்குங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குத் திரும்புகிறவர்களுக்கு இரவில் பஸ் கிடைப்பது கஷ்டம், எட்டரைக்கு முடித்துவிடுங்கள்.

கல்லடிக் கடற்கரையில் வைத்தால் அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். படம் எடுக்க அழகுதான். அலையும் காற்றும் மைக்குக்குள் புகுந்தால் கதை காணாமல் போய்விடும். கார்த்திகை, மார்கழியில் திறந்தவெளியை நினைக்கவே வேண்டாம், மழை. ஐம்பது பேர் கொள்ளும் சின்ன மண்டபமும் வட்டமாகப் போட்ட கதிரைகளும் இருந்தால் மைக்கே தேவையில்லை. வட்டக்களரியைச் சுற்றி இருந்து பார்த்த ஊர் இது, மேடையும் இடைவெளியும் பிறகு வந்தவைதான். பாடும் மீனைக் கேட்க வாவியில் துடுப்பின் ஒரு முனையை வைத்து மறுமுனையைக் காதில் வைப்பார்களாம். அப்படிக் காதைக் கொடுக்கத் தெரிந்த ஆட்களுக்கு நாலு ஸ்பீக்கர் எதற்கு?

இன்னொன்று, இது கொஞ்சம் கனமானது. நம் கதைகளில் யுத்தம் வரும், காணாமற் போனவர்கள் வருவார்கள். ஒருவர் வீட்டில் நடந்ததை, ஆள் விளங்கும்படி, கேட்காமல் எடுத்துச் சொல்லாதீர்கள். அந்தத் தாய் மூன்றாவது வரிசையில் இருக்கக்கூடும். புத்தகம் என்றால் மூடி வைக்கலாம். இங்கே நாற்பது பேருக்கு நடுவே அவர் எழும்பிப் போகவேண்டிவரும். பெயரையும் ஊரையும் மாற்றினால் மட்டும் போதாது, முதல்நாளே போய்க் கேட்டுவிடுங்கள். அதேபோல், கேள்வி நேரத்தில் ‘இது உண்மையில் நடந்ததா?’ என்று சபையில் வைத்து யாராவது கேட்டால் அறிவிப்பாளர் பதமாகத் தடுக்கவேண்டும்.

கதை முடிந்த கையோடு ‘இக்கதை எமக்கு உணர்த்துவது யாதெனில்’ என்று அறிவிப்பாளர் தொடங்குவதையும் தடுக்க ஆள் வேண்டும். அரை நிமிடம் சும்மா விடுங்கள். அப்புறம் லைட்டைப் போட்டு, எல்லோருக்கும் இஞ்சி போட்ட பிளேன்டீ கொடுங்கள்.