ராஜினாமா கொடுத்ததும் "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்றால் என்ன செய்வது? (சிங்கப்பூர்)

ராஜினாமாக் கடிதம் கொடுத்த மறுநாளே "பையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்" என்று சொல்லும் முதலாளிகள் இருக்கிறார்கள். அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் மிச்ச நாட்களுக்குச் சம்பளம் தராமல் அனுப்பும் உரிமை கிடையாது. நோட்டீஸ் காலத்தை (ராஜினாமா கொடுத்த நாளிலிருந்து கடைசி நாள்வரையான காலத்தை) யார் குறைக்கிறாரோ, அவர்தான் பணம் கட்ட வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

படி 1: நாட்களை எண்ணுங்கள்

முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். அதில் நோட்டீஸ் பற்றி எதுவும் இல்லாவிட்டால் வேலை நியமனச் சட்டத்தின் கணக்கு பொருந்தும்: அங்கே வேலை பார்த்த காலம் 26 வாரத்துக்குள் என்றால் 1 நாள், 2 ஆண்டுக்குள் 1 வாரம், 5 ஆண்டுக்குள் 2 வாரம், அதற்கு மேல் 4 வாரம். கடிதம் கொடுத்த நாளும் கணக்கில் சேரும்.

படி 2: "வரவேண்டாம்" என்றால் எந்த வகை என்று கேளுங்கள்

இங்கேதான் பலரும் பேசாமல் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். வீட்டில் இருங்கள், நோட்டீஸ் முடியும்வரை நீங்கள் எங்கள் ஊழியர்தான் என்பது ஒன்று. அப்போது சம்பளமும் மத்திய சேமநிதிப் பங்கும் வழக்கம்போல வரும்; அதுவரை வேறு வேலையில் சேர முடியாது. இன்றோடு வேலை முடிந்தது என்பது மற்றது. 4 வார நோட்டீஸில் 1 வாரம்தான் ஆகியிருக்கிறது என்றால், மீதி 3 வாரத்துக்கு ஈடான சம்பளத்தை முதலாளி தரவேண்டும். அந்த ஈட்டுத்தொகைக்குச் சேமநிதி கிடையாது. ஆனால் அடுத்த நாளே புது வேலையில் சேரலாம்.

படி 3: எழுத்தில் வாங்குங்கள்

வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போதும்: "இன்றுடன் என் வேலை முடிவதாகச் சொன்னீர்கள். மீதி நோட்டீஸ் காலத்துக்கான சம்பளத்தை எப்போது தருவீர்கள்?" கடைசி நாளை முன்னே தள்ளிப் புதிதாக ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதித் தரச் சொன்னால், தயவுசெய்து எழுதாதீர்கள். எழுதினால், நீங்களே சீக்கிரம் போனதாக ஆகிவிடும்.

படி 4: நீங்களே முன்கூட்டிப் போக விரும்பினால்

அப்போது ஈட்டுத்தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். இருவரும் ஒத்துக்கொண்டால் தள்ளுபடி செய்யலாம். அதையும் எழுத்தில் வாங்குங்கள். மிச்சமிருக்கும் ஆண்டு விடுப்பைக் கழித்தும் கடைசி நாளை முன்னே கொண்டுவரலாம், ஆனால் சம்பளம் அந்தப் புதிய கடைசி நாள்வரைதான்.

படி 5: கணக்கு முடிப்பு

முதலாளி வேலையை முடித்தால் கடைசி நாளிலோ, அது முடியாவிட்டால் 3 வேலை நாளுக்குள்ளோ பணம் தரவேண்டும். வெளிநாட்டு ஊழியர் என்றால் வரிக் கணக்கு முடியும்வரை பணத்தை நிறுத்தி வைப்பார்கள், அது சட்டப்படிதான். மற்றபடி இழுத்தடித்தால் சம்பளத் தகராறுகளைக் கவனிக்கும் டாடம் (TADM) எனப்படும் முத்தரப்பு அமைப்பில் புகார் கொடுங்கள். வேலை முடிந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.