வாழைத்தண்டு ஜூஸும் சித்தப்பாவின் பொட்டாசியமும்

பெங்களூரில் பெரிய பூங்காக்களின் வாசலில் காலை ஆறரைக்கெல்லாம் ஜூஸ் வண்டி வந்து நின்றுவிடும். எவர்சில்வர் பாத்திரங்களில் அருகம்புல், பாகற்காய், நெல்லி, வெண்பூசணி, வாழைத்தண்டு. ஸ்ரீராமபுரத்தில் இருக்கும் என் சித்தப்பா, சிறுநீரகம் தளர்ந்திருப்பதைக் காட்டும் கிரியேட்டினின் அளவு 2.6 என்று ரிப்போர்ட் வந்த மறுநாளே வாழைத்தண்டுக்கு மாறினார். "பாளெ திண்டு, கிட்னிகெ ஒள்ளேது சார்" என்று கன்னடத்தில் சொன்னாராம் வண்டிக்காரர், வாழைத்தண்டு கிட்னிக்கு நல்லது என்று. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் ரத்தத்தில் பொட்டாசியம் 5.9. இருக்க வேண்டியது 3.5-க்கும் 5-க்கும் நடுவில்.

வண்டிக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. கிட்னி கல்லுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை அது. கல்லையும் நாள்பட்ட சிறுநீரக நோயையும் 'கிட்னி பிரச்சினை' என்று ஒரே பையில் போட்டுவிடுகிறோம். முதல் தவறே அங்கேதான். கல் இருப்பவருக்குச் சிறுநீரகம் பெரும்பாலும் நன்றாகவே வடிகட்டும்; மிஞ்சிய பொட்டாசியம் சிறுநீரோடு போய்விடும். நாள்பட்ட நோயில் குறைந்திருப்பதே அந்த வேலைதான். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், பல நேரம் முன்கூட்டி ஓர் அறிகுறியும் தெரியாது. போதாக்குறைக்கு சித்தப்பா சாப்பிடும் டெல்மிசார்டான் என்ற பிபி மாத்திரையும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றக்கூடியது. டாக்டரிடம் மாத்திரையெல்லாம் சொன்னவர், ஜூஸைச் சொல்லவில்லை. "அது மருந்தா என்ன?"

இளநீரும் அப்படித்தான். 100 மில்லியில் சுமார் 250 மி.கி. பொட்டாசியம், மத்தூர் காய் ஒன்றைச் சீவினால் எவ்வளவு தேறும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பாலக் கீரையைப் பச்சையாக அரைத்துத் தினமும் குடிப்பவர்களுக்கு வேறு தொல்லை: அதிலுள்ள ஆக்சலேட் சிறுநீரகத்துக்குள்ளேயே படிகமாகப் படியும். ஒரு கைப்பிடி மசியலில் வராத வினை, இரண்டு கட்டைப் பிழிந்த டம்ளரில் வருகிறது.

ஒரு பழத்துக்கு மட்டும் இந்த அளவுக் கணக்கு செல்லாது. நெல்லிக்காய், மாங்காயோடு உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கிறார்களே, நட்சத்திரப்பழம், அதை அறவே தொடக்கூடாது. அதிலுள்ள காரம்பாக்சின் என்ற நரம்பு நச்சை ஆரோக்கியமான சிறுநீரகம் வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு என்று போய் உயிரையே எடுத்திருக்கிறது.

சரி, வீட்டுச் சமையலுக்கு வருவோம். காயை வேகவைத்து நீரை வடிக்கச் சொன்னார் டயட்டீஷியன். சித்தி உருளைக்கிழங்கைப் பொடியாக நறுக்கி, நிறைய தண்ணீரில் கொதிக்கவிட்டு, அழகாக வடித்தார். அப்புறம் "சத்தெல்லாம் வீணாகுதே" என்று அந்தத் தண்ணீரை ரசத்தில் ஊற்றினார்! வெளியே போக வேண்டிய பொட்டாசியம் வேறு கிண்ணத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. சாம்பாரில் நேராகக் காயைப் போட்டாலும் இதே கதைதான். தனியாக வேகவைத்து, வடித்து, பிறகு பருப்பில் சேர்க்க வேண்டும். ஆவியில் வேகவைத்தால் பெரிதாகக் குறையாது.

உப்பிலும் ஏமாறுகிறோம். இந்துப்பும் பெரும்பாலும் சாதாரண உப்பிலுள்ள அதே சோடியம் குளோரைடுதான். 'லோ சோடியம்' உப்பில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு, மறுபடியும் அதே பொட்டாசியம்.

மூலிகைப் பொடிகளில் ஒன்றைப் பெயர் சொல்லியே எச்சரிக்கிறேன். ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி இரண்டும் அரிஸ்டோலோக்கியா இனம். அவற்றிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைத் தழும்பாக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வரவைக்கும். பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை 1993-இல் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். காரணம் இதே இனச் செடி.

இதையெல்லாம் கேட்டு மிரண்டுபோய்க் காய்கறியையே நிறுத்துவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. சித்தப்பாவும் ஒரு மாதம் வெறும் தயிர்சாதத்தில் ஓட்டினார், மலச்சிக்கல் வந்தது. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பொட்டாசியத்தில் ஒரு பங்கு குடல் வழியாகத்தான் போகிறது. அந்த வழியையும் அடைத்தால் எப்படி? தாவர உணவு ரத்தத்தின் அமிலச் சுமையையும் குறைக்கும். தளர்ந்த சிறுநீரகத்தால் சரியாக வெளியேற்ற முடியாத இன்னொன்று பாஸ்பரஸ். பருப்பிலுள்ள பாஸ்பரஸில் பாதிகூட உடம்பில் சேராது, கோலாவிலும் பதப்படுத்திய சீஸிலும் சேர்க்கும் பாஸ்பேட்டோ கிட்டத்தட்ட முழுசாகச் சேரும். பருப்பைப் பயந்து ஒதுக்கிவிட்டு கோலா குடிப்பவர்களை என்ன சொல்ல! சுரை, புடலை, பீர்க்கை, கோஸ், ஆப்பிள், பேரிக்காய், அன்னாசி என்று அளவோடு சாப்பிட எத்தனையோ இருக்கின்றன. ரிப்போர்ட்டில் பொட்டாசியம் சரியாக இருந்தால் இவ்வளவு கட்டுப்பாடும் தேவைப்படாது.

டயாலிசிஸ் தொடங்கியவர்கள் பழைய டயட் சார்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகக் கேட்டு வாங்குங்கள். அதுவரை குறைக்கச் சொன்ன புரதத்தை அப்போது கூட்டச் சொல்வார்கள், நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை.

சித்தப்பாவின் பொட்டாசியம் இப்போது 4.8. எப்போதாவது வாழைத்தண்டுப் பொரியல் உண்டு. சித்தி வேகவைத்து வடித்துத்தான் தாளிக்கிறார். வடித்த நீர் ஆறியதும் பால்கனித் துளசிக்குப் போகிறது.