கோல்ஃபில் பெரிய முன்னிலையைக் கடைசி நாளில் காப்பது எப்படி?

கோல்ஃபில் ஸ்ட்ரோக் (அடி) குறைந்தவரே வெல்வார். 2011 ஏப்ரல் மாஸ்டர்ஸ் போட்டியில் கோல்ஃப் வீரர் ரோரி மெக்கில்ராய் 4 ஸ்ட்ரோக் முன்னிலையோடு கடைசிச் சுற்றுக்கு வந்து, 80 அடித்துச் சரிந்தார். 10-ஆம் குழியில் மட்டும் டிரிபிள் போகி, அதாவது பாரைவிட (குழிக்கு வகுத்த அடிக்கணக்கைவிட) மூன்று அடி கூடுதல். அதே ஆண்டு ஜூனில் யு.எஸ். ஓப்பனின் நான்கு சுற்றுகளில் அவர் அடித்தது: 65, 66, 68, 69. மொத்தம் 268, பாருக்கு 16 கீழே, 8 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வெற்றி. அப்போது வயது 22.

முன்னிலை இருந்தால் குறியை மாற்றுங்கள், ஸ்விங்கை மாற்றாதீர்கள். பயத்தில் பாதியில் வேகம் குறைத்தால் கிளப் (மட்டை) முகம் நேராக வராமல் பந்து பக்கவாட்டில் போகும். பெரும்பாலான சரிவு இங்கேதான் தொடங்குகிறது.

குழியின் கொடி வலப்புறம் பங்கருக்கு (மணல் பள்ளத்துக்கு) பின்னால் இருந்தால் அதைப் பார்க்கவே வேண்டாம். கிரீனின் (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையின்) நடுவைக் குறிவையுங்கள். 7 அயர்ன் கிளப் சரியாக எட்டும் தூரமென்றால், அதைவிடத் தூரம் போகும் 6 அயர்னை எடுத்து, பிடியை ஒரு அங்குலம் கீழே இறக்கி, வழக்கமான தாளத்திலேயே அடியுங்கள்.

நீண்ட பட்டில் (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் அடியில்) வேகம்தான் முக்கியம், கோடு அப்புறம். மூன்று பட் ஆவது பெரும்பாலும் தூரக் கணக்கு தப்புவதால்தான்.

பந்து மரத்தடியில் போய்விட்டதா? இடைவெளி தேடாமல் பக்கவாட்டில் ஃபேர்வேக்கு (வெட்டிய புல்வெளிப் பாதைக்கு) தட்டிவிடுங்கள். போகி (ஓர் அடி கூடுதல்) தாங்கும், டிரிபிள் தாங்காது.