குதிரை ரேக்ளா பார்க்கப் போனால் எங்கே நிற்கக் கூடாது

காணும் பொங்கலன்று திருக்கடையூரில் ரேக்ளா பந்தயம், அதாவது மாடும் குதிரையும் இழுக்கும் வண்டிகளின் ஓட்டப்பந்தயம், பார்த்துவிட்டு, அப்படியே அபிராமி அம்மனையும் கும்பிட்டு வந்துவிடலாம் என்று மதியம் கிளம்புகிறவர்கள் நிறைய. முதல் தவறு அதுதான். பந்தயம் நடப்பது தரங்கம்பாடி போகும் பிரதான சாலையில். வண்டிகள் ஓடும்போது பஸ்ஸும் நகராது, காரும் நகராது. காலையிலேயே தரிசனத்தை முடித்து, வண்டியை ஊருக்குள் விட்டுவிட்டு நடந்து வாருங்கள். போலீஸ் அனுமதி கிடைத்துவிட்டதா என்றும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டில் சின்ன மாடு, நடு மாடு, பெரிய மாடு என்பதுபோல, குதிரையில் கரிச்சான் குதிரை, நடுக்குதிரை, பெரிய குதிரை என்று பிரிப்பார்கள். பெரிய குதிரை வரும்வரை டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள் சிலர். என்னைக் கேட்டால் கரிச்சானை விடவே கூடாது. கரிச்சான் குருவியின் பெயருக்கேற்ற சின்னக் குதிரைதான், ஆனால் அந்தக் குட்டிக் கால்கள் தார்ச்சாலையில் எழுப்பும் லாடச் சத்தம் காதை விட்டுப் போக நேரமாகும்.

எல்லோரும் கொடி அசைக்கும் இடத்திலேயே முண்டியடிக்கிறார்கள். அங்கே தெரிவது முன்னால் நிற்பவரின் முதுகு மட்டும். இது போய்த் திரும்பும் பந்தயம். கடைசியாக வந்த வண்டி முந்துவதும், முதலில் வந்த வண்டி அகலமாகத் திருப்பிக் கோட்டை விடுவதும் திரும்பும் இடத்தில்தான். அதற்குக் கொஞ்சம் முன்னால் மேடான வரப்பாகப் பார்த்து நில்லுங்கள். வளைவின் வெளிப்பக்கம் மட்டும் வேண்டாம். வண்டி சறுக்கினால் வந்து விழுவது அங்கேதான்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, முதல் வண்டி போனதும் சாலையில் இறங்குவது. ஒருமுறை என் பக்கத்தில் நின்றவர் செல்போனில் வீடியோ எடுத்தபடியே ரெண்டடி முன்னால் போனார். போன வண்டியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தவருக்கு, பின்னால் வந்துகொண்டிருந்த வண்டி தெரியவில்லை. யாரோ ஒரு பெரியவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் ஏர்க்கால் நெஞ்சில் இறங்கியிருக்கும். போகும் வண்டிகள் முடிவதற்குள் திரும்பும் வண்டிகள் வந்துவிடும், சாலை ஒன்றுதான். போதாக்குறைக்கு ஹாரன் அடித்துக்கொண்டே துரத்தும் பைக் கூட்டம் வேறு. அதில் நீங்களும் சேராதீர்கள்.

குடை, பட்டாசு, விசில் எல்லாம் குதிரையை மிரட்டும். பந்தயக் குதிரைக்குக் கண்ணோரம் மறைப்பு கட்டியிருந்தால் பக்கவாட்டில் எதுவும் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். அது இல்லாவிட்டாலும் நேர் பின்னால் நிற்பவரைக் குதிரையால் பார்க்க முடியாது. காது பின்னால் மடிந்திருந்தால் பிள்ளைகளைத் தள்ளிக் கூட்டிப்போய்விடுங்கள்.

அப்புறம், பந்தயம் முடிந்ததும் கரும்பையும் வாழைப்பழத்தையும் நீட்டிக்கொண்டு செல்ஃபிக்கு ஓடுவது. மூச்சு இரைக்க நிற்கிற குதிரையைச் சேணம் தளர்த்தி மெல்ல நடக்கவிடுவார்கள், வியர்வை அடங்கும்வரை. அப்போது சாரதியிடம் பேச்சுக் கொடுத்தாலும் பதில் வராது. அவர் கண் குதிரையின் விலாவில் இருக்கும்.