பினாங்குல உக்காந்துகிட்டே பல்சர் துடிப்ப பிடிக்கிறது எப்படி

பல்சர்ங்கிறது வேகமா சுத்திகிட்டே ரேடியோ துடிப்பு அனுப்புற செத்துப்போன நட்சத்திரம். ஆயர் ஈத்தாம் ஃப்ளாட்ல இருந்துகிட்டு அத பாக்கணும்னா டிஷ் வாங்காதீங்க, லேப்டாப் போதும். நம்மள சுத்தி ஹேண்ட்போன் டவரும் வைஃபையும் போடுற இரைச்சல்ல அந்த சிக்னல் அமுங்கிரும். ஆஸ்திரேலியாவுல பார்க்ஸ்ல 64 மீட்டர் டிஷ் ஒண்ணு இருக்கு, அது பதிவு பண்ண டேட்டாவ அந்த நாட்டு அறிவியல் ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ 18 மாசம் கழிச்சு எல்லாருக்கும் தொறந்து விட்டுருது, அத இறக்கிக்குங்க. அலசுறதுக்கு பிரெஸ்டோன்னு ஒரு சாஃப்ட்வேர், லினக்ஸ்ல ஓடும், காசு கிடையாது.

மொதல்ல வேலா பல்சர எடுங்க. வெடிச்சுப்போன நட்சத்திரத்தோட மிச்சம் அது, செகண்டுக்கு 11 தடவ சுத்துது, ஒரு சுத்துக்கு 89 மில்லிசெகண்ட். மார்ச் மாசம் ராத்திரி பத்து பத்தர மணிக்கு தெக்கால பாருங்க, ஏறக்குறைய 39 டிகிரி ஒசரத்துல அது இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, ஆனா அங்கதான் இருக்குன்னு தெரிஞ்சு பாக்குறதே எனக்கு சிலிர்க்கும்.

ஃபைல் வந்ததும் கெட்டுப்போன சேனலயெல்லாம், அதாவது இரைச்சல் புகுந்த ஃப்ரீக்வன்சி துண்டயெல்லாம், தூக்கிருங்க. அப்புறம்தான் முக்கியமான வேல. வழியில இருக்குற எலக்ட்ரான்ல மாட்டி தாழ்ந்த ஃப்ரீக்வன்சி லேட்டா வந்து சேரும், வேலாவுக்கு 1.5 கிகாஹெர்ட்ஸ்ல வர்ற துடிப்பவிட 1.2ல வர்றது 70 மில்லிசெகண்ட் பிந்திரும், சுத்துறதே 89தான், அப்ப சரி பண்ணாம எல்லா சேனலயும் கூட்டினா துடிப்பு மொத்தமா பரவி கரைஞ்சு போயிரும். வழியில எவ்வளவு எலக்ட்ரான் இருக்குன்னு சொல்ற எண்ணுக்கு டிஎம்னு பேரு, அத 68னு குடுத்தா பிரெஸ்டோ ஒவ்வொரு சேனலயும் அந்தந்த அளவுக்கு நகத்தி வைக்கும், சாஞ்சு கெடந்த கோடு ஸ்க்ரீன்ல நேரா நிமிரும்.

அடுத்தது ஃபோல்டிங். சேலைக்கு கொசுவம் வைக்கிற மாதிரிதான், மடிப்போட அகலம் சரியா இருந்தா கரையெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு உக்காரும், கொஞ்சம் தப்புனாலும் ஒவ்வொரு மடிப்புக்கும் கரை நழுவிகிட்டே போகும். சுத்துற நேரத்துக்கு டேட்டாவ வெட்டி அடுக்குங்க. அஞ்சு நிமிஷத்துல 3,300 துடிப்புக்கு மேல சேரும், இரைச்சலோட ஒப்பிட்டா சிக்னல் ஏறக்குறைய 58 மடங்கு எழும்பும். வேலா பலமானது, அடுக்காமலே தெரியும், மங்கலான பல்சருக்கு போகும்போதுதான் இதோட அருமை புரியும்.

1967ல ஜோசலின் பெல் கேம்பிரிட்ஜ்ல இதெல்லாம் இல்லாம, ஒரு நாளைக்கு 30 மீட்டர் சார்ட் பேப்பர கண்ணாலயே பாத்து மொதல் பல்சர கண்டுபிடிச்சாங்க. 1974 நோபல் அவங்க புரொஃபசருக்கு போச்சு, அவங்களுக்கு இல்ல, அது எனக்கு இன்னும் ஆறல.

கடைசியா டிஎம்ம பூஜ்யமாக்கி இன்னொரு தடவ ஃபோல்ட் பண்ணுங்க. உண்மையான பல்சர்னா துடிப்பு பரவி படுத்துரும், அப்படியே நின்னா அது பூமியில இருந்து வந்த இரைச்சல். அதுலயும் சரியா 20 மில்லிசெகண்ட்னு வந்தா கரண்டு, 50 ஹெர்ட்ஸ், விட்டுட்டு அடுத்த ஃபைலுக்கு போங்க.