கழற்றி மாட்டும் முடிவெட்டும் மெசின்: இணைப்பிலிருந்து தொடங்குங்கள்

முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவியில் என் கடைக்குத் திருத்த வரும் முடிவெட்டும் மெசின்களில் அநேகமானவற்றில் மோட்டர் நன்றாகவே இருக்கும். செத்திருப்பது பற்றரி, இல்லையென்றால் சார்ஜ் ஏற்றும் ஓட்டை உடைந்திருக்கும். எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பதால் ஒன்று போனால் முழுதும் போகிறது. நல்ல மோட்டரைக் குப்பையில் போட எனக்கு மனம் வருவதில்லை. 2022இல் நாளுக்கு 13 மணி நேரம்கூட கரண்ட் நின்றதே, அப்போது சந்தியில் சலூன் வைத்திருக்கும் அண்ணை, வாடிக்கையாளர் ஒருவருக்குப் பாதித் தலையை மெசினாலும் மீதியைக் கத்தரிக்கோலாலும் வெட்டி முடித்தார். அன்றிரவே, பிளேட்டையும் பற்றரியையும் தனித்தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய மெசின் செய்யும் இந்த வேலையைத் தொடங்கிவிட்டேன்.

மெசினின் உடம்பை முதலில் வரையாதீர்கள். இரண்டு இணைப்புகளை முடிவு செய்யுங்கள்: பிளேட் உட்காரும் முன்பக்கம், மின்சாரம் வந்து சேரும் பின்பக்கம். இரண்டின் அளவையும் கொப்பியில் எழுதுங்கள். அதன் பிறகு எதை மாற்றினாலும் அந்த அளவுகளை மாற்றக் கூடாது.

மோட்டர் நேர்மின்சாரத்தில் (டிசி, பற்றரி தருவது) ஓடுவதாக இருக்க வேண்டும். சுவரில் குத்தி வெட்டும் பழைய அதிர்வு மெசின் இதற்கு உதவாது. அதில் சுற்றும் மோட்டரே இல்லை, சுருளும் அது இழுக்கும் இரும்பும்தான். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் அதை நொடிக்கு 100 தடவை இழுத்து விடுகிறது. பற்றரியைக் கொடுத்தால் ஒரு தடவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். பழைய கோட்லெஸ் மெசினில் கிடைக்கும் 3.7 வோல்ட் மோட்டர் போதும்.

பின் இணைப்பில்தான் நான் அடிபட்டேன். முதலில் ஒரே மாதிரியான இரண்டு உருண்டைப் பின்களை வைத்தேன். கடையில் உதவிக்கு நின்ற பொடியன் மாற்றிக் குத்த, உடம்புக்குள் வைத்திருந்த வேகக் கட்டுப்பாட்டு சர்க்கிட் போர்ட் கருகிப் புகைந்தது. அன்றோடு இரண்டு முடிவுகள் எடுத்தேன். ஒன்று, உடம்புக்குள் மோட்டரும் சுவிட்சும் மட்டும், போர்ட் எதுவானாலும் பின்னால் மாட்டும் மின்பக்கத் துண்டில். மற்றது, மாற்றிக் குத்தவே முடியாத பிளக். டிரோன்காரர் பாவிக்கும் மஞ்சள் எக்ஸ்டி30 பிளக்கின் ஒரு பக்கம் சீவியிருக்கும், தலைகீழாக நுழையாது. மெசின் அதிர்வதால் பிளக்கின் பிடியை மட்டும் நம்பாமல் பக்கவாட்டில் கையால் திருகும் ஒரு எம்3 (3 மி.மீ.) ஸ்குரூவும் போடுங்கள்.

இனி மின்பக்கத் துண்டுகள். விதி ஒன்றுதான்: எதிலிருந்து வந்தாலும் பிளக்கில் 3 முதல் 4.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். நான் மூன்று துண்டு செய்தேன். முதலாவது 18650 செல், 18 மி.மீ. தடிப்பான உருளை லித்தியம் பற்றரி. முக்கால் இஞ்சி பிவிசி பைப்புக்குள் சற்றுத் தளர்வாக இறங்கும், சைக்கிள் ரியூப் ஒரு சுற்றுச் சுற்றினால் ஆடாது. அதோடு செல் அளவுக்கு மேல் ஏறாமலும் இறங்காமலும் காக்கும் பாதுகாப்பு போர்ட் கட்டாயம், மோட்டர் தொடங்கும்போது இழுக்கும் கரண்டை அது தாங்க வேண்டும். 2000 மில்லிஆம்பியர்மணி செல்லில், 800 மில்லிஆம்பியர் இழுக்கும் மோட்டர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். இரண்டாவது ஓட்டோ பற்றரிக்கு. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் வரும், அதை 3.8க்குக் குறைக்கும் போர்ட்டும் 3 ஆம்பியர் பியூஸும் போதும். மூன்றாவது போன் சார்ஜருக்கு, அதே போர்ட்தான். 230 வோல்ட் இந்த மெசினுக்குக் கிட்டவும் வரக் கூடாது.

சோலர் பனலை நேராகக் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். ஒரு முகில் மறைத்தால் மோட்டர் நின்று முடியைப் பிடுங்கும். பனல் பற்றரியை ஏற்றட்டும், பற்றரி மெசினை ஓட்டட்டும். தொண்ணூறுகளில் வன்னியில் கரண்ட் இல்லாதபோது அப்பா சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்துவார், நான் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். கை ஓய்ந்தால் செய்தி பாதியில் நிற்கும். மின்சாரத்தைச் சேர்த்து வைத்துப் பாவிக்க வேண்டும் என்பதை அங்கேதான் படித்தேன்.

முன்பக்கத்துக்கு உங்கள் ஊர்க் கடையில் எப்போதும் கிடைக்கும் பிளேட்டையே எடுங்கள். ஸ்குரூ ஓட்டைகளின் இடைவெளியை வெர்னியரால் அளந்து, அடுக்களை வெட்டுப்பலகையின் வெள்ளைப் பிளாஸ்ரிக்கில் இருக்கை அராவலாம். மோட்டர் தண்டின் தலையில் ஒரு சின்ன வட்டு, மையத்திலிருந்து 1.25 மி.மீ. தள்ளி ஒரு ஊசி. அது சுற்ற, மேல் பிளேட் 2.5 மி.மீ. இடம்வலமாகப் போய்வரும். மேல் பிளேட்டின் பல்லு கீழ்ப் பல்லைவிட அரை மி.மீ. பின்னால் நிற்க வேண்டும். முன்னால் வந்தால் தோலைக் கிழிக்கும். முதலில் உங்கள் முன்கையில் பாருங்கள், வாடிக்கையாளரின் கழுத்தில் அல்ல.

நம் கிறவல் ரோட்டுப் புழுதிக்கு மோட்டர் பக்கம் காற்றோட்ட ஓட்டை வைக்காதீர்கள். பிளேட்டுக்கும் மோட்டருக்கும் இடையில் கம்பளித் துணி ஒரு துண்டு வையுங்கள். இருபது நிமிடம் ஓடவிட்டுப் பிளேட்டைத் தொடுங்கள். விரல் வைக்க முடியாத சூடென்றால் எண்ணெய் போதாது, அல்லது ஸ்குரூ இறுக்கம் கூடிவிட்டது.

முதல் மெசினை அண்ணையிடம் கொடுத்தேன். இரண்டு தலை வெட்டிவிட்டு, "வால் பாரமாக்கிடக்கு தம்பி, பின்னேரம் மணிக்கட்டு நோகும்" என்றார். செல் மட்டும் 45 கிராம் வரும், அதை நான் பின்னால் நீளவாக்கில் மாட்டியிருந்தேன். இப்போது செல் பைப்பை உடம்பின் அடியில், உள்ளங்கை படும் இடத்துக்கு மடித்துவிட்டேன். பிளக்கின் அளவு அதேதான்.